வடையோடு ஓடிய நரியின் பக்கம்

பழைய கதையை வில்லன் வாயால் சொல்ல வைப்பது இப்போது பரவலான பழக்கம். பள்ளி ஆண்டு விழா நாடகம், கோடை விடுமுறைக் கதைப்பட்டறை, கைப்பேசியில் ஓடும் கதைச் சேனல்கள் என்று எங்கே பார்த்தாலும் ஓநாய் அழுகிறது, மாற்றாந்தாய் அழுகிறாள், சூனியக்காரி அழுகிறாள். ஓநாய்க்குக் குட்டியிலேயே தாய் செத்துப்போயிருக்கிறது. மாற்றாந்தாயை அரசன் ஏமாற்றியிருக்கிறான். சூனியக்காரி யாரென்று பார்த்தால் ஊருக்கே மருந்து கொடுத்த வைத்தியச்சி. கதை முடிகிறபோது தப்புச் செய்தவர் என்று யாருமே மிச்சமில்லை. இது எனக்கு நெடுநாளாக ஒப்பவில்லை. கெட்டவன் பக்கத்தைக் கேட்கலாம் என்று உட்கார்ந்தால், கெட்டவனே கிடையாது என்று சொல்லி எழுப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

நான் பிடிவாதமாக நிற்கும் இடம் ஒன்றுதான். மூலக்கதையில் அவன் செய்தது எதுவோ, அது ஒன்றுவிடாமல் புதுக்கதையிலும் இருக்க வேண்டும். மாற வேண்டியது கதை சொல்பவன் நிற்கும் இடம் மட்டும். அங்கிருந்து அவனுக்கு எது தெரிகிறது, எது தெரியவில்லை, எதைச் சொல்லாமல் தாண்டிப் போகிறான் என்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. அவனுக்கு ஒரு சோகமான பிள்ளைப்பருவத்தைக் கட்டிக் கொடுத்தால் இந்த வேலை எதையுமே செய்ய வேண்டியிருக்காது. அதனால்தான் எல்லாரும் அந்தப் பக்கம் போகிறார்கள்.

இதைச் செய்து பார்க்க நமக்கு வடைக்கதையே போதும். அதை ஏழு வரியில் ஒரு தாளில் எழுதி எதிரே ஒட்டி வைத்துக்கொள்ளலாம். பாட்டி வடை சுட்டாள். காக்கா ஒன்றைத் தூக்கியது. மரத்தில் போய் உட்கார்ந்தது. நரி வந்தது. காக்காவைப் புகழ்ந்து பாடச் சொன்னது. காக்கா வாயைத் திறக்க வடை விழுந்தது. நரி கவ்விக்கொண்டு ஓடியது. இந்த ஏழில் ஒன்றையும் தொடக் கூடாது. நரி வடையைத் திருப்பிக் கொடுத்தது, பாட்டி நரியிடம் ஏற்கெனவே கடன்பட்டிருந்தாள், காக்கா தானாகவே வடையைப் போட்டது என்றெல்லாம் எழுத ஆரம்பித்தால் அது வேறு கதை. எழுதலாம், ஆனால் அதை நரியின் பக்கம் என்று சொல்லக் கூடாது.

இனி அந்தத் தாளில் இல்லாதவற்றைப் பார்க்க வேண்டும். என்ன வடை? எத்தனை மணி? மரக்கிளை எவ்வளவு உயரம்? நரிக்குப் பசியா? முதல் வரிக்குப் பிறகு பாட்டி எங்கே போனாள்? ஒன்றுக்கும் பதில் இல்லை. மூலக்கதை காலியாக விட்ட இந்த இடங்கள்தான் வில்லனுக்குச் சொந்தமான இடங்கள்.

வடையிலிருந்தே தொடங்கலாம். உளுந்து வடையா, மசால் வடையா? நரி மூக்கால் வாழும் பிராணி. சோம்பும் வெங்காயமும் எண்ணெயில் வேகும் வாசனை காற்றில் வெகுதூரம் போகும், ஆகவே மசால் வடைதான் அதன் கதைக்கு வசதி. ஆனால் மசால் வடை கீழே விழுந்தால் உடையும். கடலைப்பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைத்து, கைப்பிடி முழுப்பருப்பைக் கடைசியில் சேர்த்துத் தட்டினால் வடை ஓரளவு கெட்டியாக நிற்கும். தண்ணீர் கூடிவிட்டால் எண்ணெயிலேயே பிரியும், தப்பித்து வெந்தாலும் அலகு பட்டதும் உதிரும். கைபழகிய பாட்டியின் வடைகூடப் பதினைந்து அடியிலிருந்து தார்ச்சாலையில் விழுந்தால் சிதறத்தான் செய்யும். சிதறினால் ‘கவ்விக்கொண்டு ஓடியது’ என்ற ஏழாவது வரி செல்லாது. எனவே ஒன்று, கிளையை ஆறேழு அடிக்கு இறக்க வேண்டும். அல்லது கீழே புல்லோ சருகோ இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்வது உத்தமம். இவ்வளவு பார்க்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: சொல்பவன் பொய் சொல்லக்கூடியவன் என்று தெரிந்தே கேட்கிறோம். அவனைச் சுற்றியிருக்கும் பொருள்கள் உண்மையாக இருந்தால்தான் அவன் எந்த இடத்தில் பொய் சொல்கிறான் என்பது தெரியும்.

காக்காவுக்கும் இதே கணக்கு உண்டு. நம் ஊர்க் காக்கா ஏறக்குறைய 300 கிராம் எடை. ஒரு மசால் வடை 40 கிராம் இருக்கும். தூக்க முடியும், ஆனால் வெகுதூரம் தூக்கிப் போகாது; கண்ணில் பட்ட முதல் மரத்தில் உட்காரும். எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த வடையை அலகில் பிடிக்கவும் முடியாது. தட்டில் குவித்ததில் ஓரமாக ஆறிக்கொண்டிருப்பதைத்தான் அது எடுத்திருக்கும். பறவைக்குக் குரல் பிறப்பது நம்மைப் போல மேல்தொண்டையில் இல்லை, மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் அடியிடத்தில். ஆனாலும் ‘கா’ என்று உரக்கக் கத்த அலகைத் திறந்தே ஆக வேண்டும். நரியின் தந்திரம் முழுவதும் இந்த ஒரு சங்கதியில் நிற்கிறது. காக்கா கத்தும்போது என்ன ஆகும் என்பதை அது இதற்கு முன்பே மரத்தடியில் நின்று பார்த்திருக்க வேண்டும். ‘தற்செயலாகப் பாடச் சொன்னேன்’ என்று நரி சொன்னால் அது பொய் என்பதற்கு இதுவே சாட்சி.

எந்த நரி என்பதையும் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். படப்புத்தகங்களில் வருகிற செம்பு நிற வால் நரி ஐரோப்பாவுடையது. சென்னையில் கதை நடக்கிறதென்றால் அது குள்ளநரி. கிண்டி தேசியப் பூங்காவில் புள்ளிமான், வெளிமான் கூடவே குள்ளநரியும் இருக்கிறது. பூங்கா மதிலோரம் ஒரு வடை வண்டி, பக்கத்தில் தூங்குமூஞ்சி மரம் ஒன்று என்று வைத்தால் கதை நம் ஊரில் காலூன்றிவிடும். அதன் தோள் உயரம் ஒன்றரை அடி. அந்த உயரத்திலிருந்து தெரிவது வண்டிச் சக்கரம், கசக்கிப் போட்ட எண்ணெய்க் காகிதம், ஒரு ஜோடிக் கால். பாட்டியின் முகம் அதற்குத் தெரியாது. காசு, வியாபாரம், கடை எதுவும் தெரியாது. ‘பத்து ரூபாய் வடைதானே’ என்று நரியைப் பேசவிட்டால் அங்கே பேசுவது நரி இல்லை, எழுதுகிறவர்.

பொழுது

இந்தக் கதையில் எல்லாம் திரும்பும் இடம் எனக்கு மணி எத்தனை என்ற கேள்வியில்தான் கிடைத்தது. வழக்கமாகச் சொல்கிறவர்கள் நல்ல பகலில் நடப்பதாகவே சொல்வார்கள். பட்டப்பகலில் குள்ளநரி கடைவீதிக்கு வராது. ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் அது அந்தி, இரவு, விடியற்காலை என்று ஒதுங்கி வாழும். காக்காவோ இருட்டினால் அசையாது. பொழுது சாய்வதற்கு முன்பே கூட்டம் கூட்டமாக அடையப் போய்விடும். வடை வண்டிக்கு வியாபார நேரம் சாயங்காலம். மூன்றும் ஒன்றாகச் சேர்கிற நேரம் ஒரு நாளில் அரை மணிக்கு மேல் கிடையாது. சென்னையில் மாதத்தைப் பொறுத்து 5.40க்கும் 6.40க்கும் இடையில் சூரியன் மறைகிறது. அதை ஒட்டிய அரை மணி.

இதை வைத்ததும் கதையின் முகமே மாறிவிடுகிறது. காக்காவுக்கு அந்த வடை அன்றைய கடைசி இரை. நரிக்கு அதுதான் முதல் இரை. காக்கா வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது. நரி அப்போதுதான் எழுந்து வருகிறது, நாள் முழுக்க ஒன்றும் உள்ளே போகவில்லை. பசி என்று ஒரு சொல்கூட எழுதத் தேவையில்லை. அனுதாபம் கேட்டு நரி வாய் திறக்கவும் வேண்டாம். ‘அப்பதான் எழுந்து வந்தேன்’ என்ற வரி போதும். கேட்பவர்கள் தாங்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். அப்படிப் போட்டுக்கொண்ட பிறகும் திருட்டு திருட்டாகவே இருக்கிறது. வில்லன் பக்கம் என்று நான் எதிர்பார்ப்பது இதைத்தான்: காரணம் முழுக்கப் புரிய வேண்டும், செய்தது கொஞ்சமும் குறையக் கூடாது.

இன்னொன்றும் இதிலிருந்து கிடைக்கிறது. குள்ளநரி வேட்டையாடும், செத்ததைத் தின்னும், கூடவே பழமும் தின்னும். இலந்தை, நாவல் என்று மரத்தடியில் உதிர்ந்ததைப் பொறுக்கும். புத்த ஜாதகக் கதைகளில் 294ஆவது கதை இதே ஜோடியைப் பற்றியதுதான். நாவல் மரத்தில் காக்கா பழம் தின்கிறது, கீழே வந்த நரி அதைப் புகழ்கிறது, காக்காவும் பதிலுக்கு நரியைப் புகழ்ந்து கிளையை உலுக்கிப் பழம் உதிர்த்துப் போடுகிறது. கடைசியில் மரத்துத் தேவதை இரண்டையும் ஏசித் துரத்துகிறது. கிட்டத்தட்ட இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் லத்தீனில் எழுதப்பட்ட வடிவத்தில் காக்கை ஜன்னலிலிருந்து திருடுவது பாலாடைக்கட்டி. நம் நரிக்கு நாவல் மரத்து வாழ்க்கைதான் பொருந்தும். மேலிருந்து விழுவது கீழே இருப்பவனுக்கு என்பது அதன் வம்சத்துச் சட்டம். நாவல் பழத்துக்குப் பொருந்திய சட்டத்தை அது வடைக்கும் போட்டுப் பார்க்கிறது. இது நரிக்கு நான் தரக்கூடிய நேர்மையான வாதம். நரி அதை மனதார நம்ப வேண்டும்.

யாரிடம் சொல்கிறது?

வில்லன் கதையைத் தொடங்கும் முன் அவன் எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முடிவு செய்ய வேண்டும். பலரும் நீதிமன்றத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அது தவறான இடம். நீதிபதி முன்னால் நின்றால் எவனும் வாதாடத்தான் செய்வான், வாக்கியமெல்லாம் வக்கீல் வாக்கியமாகிவிடும். இதற்கு நம் தெருக்கூத்தில் நல்ல வழி இருக்கிறது. துரியோதனன் வேஷம் திரைக்குப் பின்னாலிருந்து தன் பெருமையைத் தானே பாடிக்கொண்டு வரும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் ஒன்றும் தெரியாதவனாக நின்று, நீங்கள் யார், எந்த ஊர், எதற்காக இங்கே வந்தீர்கள் என்று கேட்பான். அவன் குற்றம் சாட்டுவதில்லை, வெறுமனே கேட்கிறான். பெருமை பேசுகிறவன் தன்னை அறியாமலே எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறான்.

வடைக்கதைக்குக் கட்டியங்காரன் வேலையை நரிக்குட்டிகளுக்குக் கொடுக்கலாம். அப்பா நரி தன் பிள்ளைகளுக்குப் பிழைப்புச் சொல்லிக் கொடுக்கிறது. இங்கே ஒரு ஆபத்து காத்திருக்கிறது. குட்டிகள் வந்த உடனே, பிள்ளைகளுக்காகத்தான் நரி திருடியது என்று கேட்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள், பழையபடி நரி அழ ஆரம்பித்துவிடும். அந்தக் கதவை முதலிலேயே சாத்த வேண்டும். சாத்துவதற்கு ஒரு வரி போதும்: வடை முழுவதையும் அது தானே தின்றது.

இப்படி இருக்கலாம்:

“அப்பதான் எழுந்து வந்தேன். என் வழியில போய்க்கிட்டிருந்தேன். வடையெல்லாம் நான் கவனிக்கவே இல்ல. மேல ஒரு காக்கா தனியா உட்கார்ந்திருந்துச்சு. மத்ததெல்லாம் அடையப் போயிருச்சு. பாவமா இருந்துச்சு எனக்கு. ‘இவ்ளோ அழகா இருக்கியே, குரலும் அப்படித்தான் இருக்கும், ஒரு பாட்டு பாடேன்’னேன். அதுல என்ன தப்பு? பாடுச்சு. பாடினப்ப விழுந்துச்சு. விழுந்தா யாருக்கு? கீழ இருக்கறவனுக்கு. சோம்பு வாசனை வந்த உடனே, மதிலுக்கு அந்தப் பக்கமே நான் திரும்பிட்டேன்ல, எனக்குத் தெரியாதா? நல்லா மொறுமொறுன்னு இருந்துச்சு. மூணு வாய். முழுசா நானே தின்னேன்.”

‘கவனிக்கவே இல்ல’ என்று சொன்ன நரி, கொஞ்ச நேரத்தில், மதிலுக்கு அந்தப் பக்கமே திரும்பிவிட்டேன் என்று பெருமையில் உளறுகிறது. மறுப்புக்கும் உளறலுக்கும் நடுவே சில வரிகள் இருக்க வேண்டும். அடுத்தடுத்து வைத்தால் துருத்திக்கொண்டு தெரியும், ரொம்பத் தள்ளி வைத்தால் வாயால் சொல்லும்போது கேட்பவர்கள் மறந்துவிடுவார்கள். காதால் கேட்கும் கதைக்கு எட்டொன்பது சின்ன வாக்கியம் தள்ளி வைப்பது சரியாக இருக்கும். அச்சில் படிக்கிற கதைக்கு ஒரு பக்கம்கூடத் தாங்கும். ஒரு கதைக்கு இப்படி ஒரு உளறல் போதும். இரண்டு மூன்று வைத்தால் நரி முட்டாளாகிவிடும். முட்டாள் வில்லன் பக்கத்தைக் கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது. இதைச் சொல்லும்போது குரலையும் மாற்றக் கூடாது. உளறுகிற வரியில் நிறுத்தி, கண்ணடித்து, கேட்பவர்களுக்கு ஜாடை காட்டினால் கண்டுபிடிக்கும் சந்தோஷத்தை நாமே பிடுங்கிக்கொள்கிறோம்.

பாட்டியை இப்போது கூட்டி வர வேண்டும். மூலக்கதை அவளை முதல் வரியோடு விட்டுவிடுகிறது. காக்காவையும் நரியையும் பற்றியே ஊர் பேசுகிறது, பொருளை இழந்தவள் அவள்தான். ஒரு கிலோ கடலைப்பருப்பு ஊறி, அரைபட்டு, வெங்காயமும் சேர்ந்தால் ஐம்பது வடைக்குக் குறையாது. அதில் ஒன்று போவது பெரிய நட்டமா என்று கேட்கலாம். பருப்பு, எண்ணெய், எரிவாயு எல்லாம் போக அவளுக்கு நிற்கும் காசு அந்தக் கடைசிச் சில வடைகளில்தான் இருக்கிறது. ஆனால் இதை நரி சொல்ல முடியாது, அதற்குத் தெரியாது. கேள்வியாகத்தான் வர வேண்டும். ஒரு குட்டி கேட்கட்டும்: “அந்த வடை எங்கேருந்துப்பா வருது?” நரி சொல்லும்: “புகையில இருந்து.” அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒன்றரை அடி உயரத்தில் நிற்பதற்கு மேலே வெறும் புகைதான். குட்டி விடாமல், “புகைக்குக் கீழ கால் இருந்துச்சே?” என்று கேட்டால் நரி என்ன பதில் சொல்லும் என்பதை எழுதுகிறவர் இரண்டு நாள் யோசிக்கலாம், தகும். மழுப்பலாம், அதட்டலாம், வேறு பேச்சுக்குத் தாவலாம். மனம் திருந்தி அழ மட்டும் கூடாது. ‘பேசாம தூங்கு’ என்று அதட்டுவதும் சரிவராது, அந்த நேரம் நரிக்குட்டிக்குத் தூங்கும் நேரம் இல்லை. ‘வா, இருட்டிருச்சு, கிளம்பு’ என்றால் பொருந்தும்.

முடிவில் எதை வைத்துக்கொள்வது என்ற குழப்பம் தமிழில் உண்டு. வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு காக்கா பாடியது, நரி ஏமாந்து போனது என்றும் ஒரு முடிவு வழங்குகிறது. காக்கா காலால் இரையை அமுக்கிப் பிடித்துத் தின்னக்கூடியதுதான், அதனால் அதிலும் தப்பில்லை. பழைய முடிவில் நரி ஜெயித்தவன், ஆகவே பெருமை பேசும். புது முடிவில் தோற்றவன், ஆகவே குறை சொல்லும், காக்காவை ஏமாற்றுக்காரி என்று திட்டும். ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்குத் தோற்ற நரியின் கோபம் உடனே பிடிக்கும். எட்டு வயதுக்கு மேல் பழைய முடிவையே எடுக்கச் சொல்வேன்.

எப்போது பேசுகிறான்?

அயல்நாட்டுக் கதைகளை எடுத்தால் இன்னொரு சிக்கல் முளைக்கும். வில்லன் கடைசியில் செத்துவிடுகிறான், அப்புறம் யார் கதை சொல்வது? சிவப்புத் தொப்பிச் சிறுமி கதையில் 1697இன் பிரெஞ்சு வடிவத்தை எடுத்தால் ஓநாய் சிறுமியைத் தின்பதோடு கதை முடிகிறது. ஓநாய் சாவகாசமாகப் பேசலாம். 1812இல் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட வடிவத்தில் வேட்டைக்காரன் வந்து வயிற்றைக் கிழித்துவிடுகிறான். இரண்டையும் கலந்து எழுதினால் எங்கேயாவது இடறும். கிரிம் சகோதரர்களின் வெண்பனி இளவரசி (ஸ்னோ ஒயிட்) கதையில் 1812 பதிப்பில் கொல்லத் துணிபவள் பெற்ற தாய், 1819 பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாய் ஆகிறாள். பெற்றவள் பேசுவதும் மற்றவள் பேசுவதும் ஒன்றாக இருக்குமா? எந்த ஆண்டுக் கதை என்று முதலில் தேர்ந்துகொண்டு அதிலேயே நிற்க வேண்டும். அந்த ராணி கடைசியில் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பைப் போட்டு ஆடி ஆடிச் சாகிறாள். அவளைப் பேச வைக்க நல்ல தருணம் அதற்குச் சற்று முன்பு இருக்கிறது. வெண்பனி இளவரசியின் கல்யாணத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது, உன்னைவிட அந்த இளம் ராணி அழகு என்று கண்ணாடி சொல்லிவிட்டது, போகலாமா வேண்டாமா என்று அவள் தவிக்கிறாள். அந்தத் தவிப்பு மூலத்திலேயே இருக்கிறது, நாம் எதையும் சேர்க்க வேண்டாம். செருப்பு காய்ந்துகொண்டிருப்பது கேட்பவர்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

இராவணனைச் சொல்லாமல் தமிழில் இந்தப் பேச்சு நகராது. புலவர் குழந்தையின் இராவண காவியம் 1946இல் வந்தது, 5 காண்டம், 3100 பாடல். 1948இல் அரசு தடை செய்தது, 1971இல் தடை நீங்கியது. அது மூலக்காவியத்தோடு நேருக்கு நேர் நின்று வழக்காடும் நூல். அங்கே இராவணன் வில்லனே இல்லை, தலைவன். அந்த வழக்குக்கு அன்றைக்கு அவசியம் இருந்தது, அதற்குரிய துணிவும் அதில் இருந்தது. அதன் வழி வேறு. வில்லன் வில்லனாகவே இருந்துகொண்டு தன் பக்கத்தைப் பேசுகிற கதை அது அல்ல, அப்படி இருக்க அது முயலவும் இல்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான், வில்லன் பக்கம் என்றதும் அவனை நல்லவனாக்கியே தீர வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது என்று நினைக்கிறேன்.

நரியை முடித்த கையோடு அதே ஏழு வரியை வைத்துக் காக்காவையும் பேசவிட்டுப் பார்க்கலாம். பாட்டிக்கு வில்லன் காக்காதானே. அதன் பக்கம் நரியின் பக்கத்தைவிடக் கனமானது. நரிக்குப் பாட்டி யாரென்றே தெரியாது, காக்காவுக்குப் பாட்டியை நன்றாகத் தெரியும். நம் வீடுகளில் சமைத்ததும் முதல் பிடி காக்காவுக்கு. அமாவாசை, திதி என்றால் இலையில் வடையும் வைத்து, கா கா என்று வருந்தி அழைக்கிறோம். மாடிச் சுவரில் வைத்த வடை தனக்கு என்றால், வண்டித் தட்டில் இருக்கும் வடை மட்டும் எப்படித் தனக்கு இல்லாமல் போகும் என்று அது கேட்கும். கேட்கட்டும். ஆனால் அங்கே அழைத்தார்கள், இங்கே அழைக்கவில்லை. அந்த வித்தியாசம் காக்காவுக்குத் தெரியும் என்பது கதையில் எங்காவது வெளிப்பட வேண்டும். அழைத்த இடத்தில் அது நின்று நிதானமாகத் தின்னும். இங்கே தூக்கிக்கொண்டு மரத்துக்குப் பறந்துவிட்டது.